முன்னால் எதையும் செருகலாம், பின்னால் அப்படியல்ல: மாட்யூலர் சிந்தசைசரில் எது எரியும், எது எரியாது

மாட்யூலர் சிந்தசைசர் என்பது ஒலியை எழுப்பும், மாற்றும் தனித்தனிப் பகுதிகளை (மாட்யூல்களை) ஒரு கேஸில் மாட்டி, கம்பிகளால் இணைத்து வாசிக்கும் மின்னணு இசைக்கருவி. அதற்குப் புதிதாக வருபவர்கள் முன்பக்கம் பேட்ச் கேபிளை (மாட்யூல்களுக்கிடையே சிக்னலைக் கொண்டுபோகும் கம்பியை) செருகத் தயங்குகிறார்கள். "தப்பான ஓட்டையில் போட்டால் போய்விடுமோ" என்ற பயம். அதே ஆட்கள் பின்பக்கம் பவர் ரிப்பன் கேபிளை (மின்சாரம் தரும் பட்டைக் கம்பியை) இரண்டாம் முறை பார்க்காமல் செருகி, சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். பழுதுக்கு வரும் மாட்யூல்களில் எரிந்துபோனவை பெரும்பாலும் பின்பக்கத் தவறால் எரிந்தவைதான். எங்கே பயப்பட வேண்டும், எங்கே பயப்படத் தேவையில்லை என்பது தெளிவாகத் தெரிந்தால்தான் கை கூசாமல் சோதனை செய்ய முடியும்.

இங்கே பேசுவது யூரோரேக் பற்றி. 1990களின் நடுவில் ஜெர்மனியின் டைட்டர் டோப்ஃபர் ஏ-100 வரிசையுடன் தொடங்கிய வடிவம் இது. உயரம் 3யூ (யூ என்பது ரேக் பெட்டிகளின் உயர அலகு), அகலத்துக்கு அலகு 5.08 மி.மீ., ஜாக் 3.5 மி.மீ. மோனோ, மின்சாரம் +12, -12, சிலவற்றுக்குக் கூடுதலாக +5 வோல்ட். மூக், புக்லா போன்ற 1960களின் அமைப்புகளுக்கு வேறு ஜாக், வேறு அளவுகள். (அந்தத் தலைமுறைக் கருவி ஒன்று இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்தது. 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) ஒரு மூக் மாட்யூலரை நிறுவி ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தார்.) ஆகவே கீழே உள்ள எண்களை அப்படியே மற்ற வடிவங்களுக்குப் பொருத்த வேண்டாம்.

முன்பக்கம் ஏன் பயமில்லை

யூரோரேக்கில் ஆடியோ சிக்னல் சுமார் +5 முதல் -5 வோல்ட் வரை ஆடும். கேட் சிக்னல் (ஸ்வரம் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று சொல்வது) 5 வோல்ட்டோ 8 வோல்ட்டோ இருக்கும். பிட்ச்சுக்கு (சுருதிக்கு) ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு, 1 வோல்ட். எல்லாம் ஒரே வகை மின்னழுத்தம்தான் என்பதால் ஆடியோவை ஃபில்டரின் (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் மாட்யூலின்) கட்டுப்பாட்டு உள்ளீட்டில் போடலாம், என்வலப்பை (ஒலி எழும்பி அடங்கும் வடிவைத் தரும் சிக்னலை) ஆடியோவாகக் கேட்கலாம், கேட்டை நேராக ரெசனன்ஸில் (ஃபில்டர் தன் எல்லைச் சுருதியை அழுத்திக் காட்டும் அளவில்) கொடுக்கலாம். எதுவும் எரியாது.

இரண்டு அவுட்புட்டைத் தெரியாமல் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால்? வழக்கமாக ஒவ்வொரு அவுட்புட்டிலும் தொடராக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஒன்று +10, மற்றது -10 வோல்ட்டில் நின்றாலும் வழியில் 2 கிலோ ஓம் இருப்பதால் ஓடுவது 10 மில்லி ஆம்பியர். அவுட்புட்டை இயக்கும் ஆப்-ஆம்ப் ஐசி அதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு சிக்னலும் அரைகுறையாகக் கலந்து கேட்கும், அவ்வளவே. கலக்க வேண்டுமென்றால் மிக்ஸர் மாட்யூல் வழியாகப் போங்கள்.

விதிவிலக்குகள் உண்டு. சில பழைய கருவிகளிலும், கையால் செய்த மாட்யூல்களிலும் அந்த ரெசிஸ்டர் இல்லாமலிருக்கலாம். ஆர்டுயினோ போன்ற 5 வோல்ட் போர்டுகளின் இணைப்பு முள்ளிலும் (பின்), 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரின் முள்ளிலும் யூரோரேக் சிக்னலை நேராகக் கொடுத்தால் அந்த முள் போய்விடக்கூடும். எதிர்மறை வோல்ட்டை வெட்டி, நேர்மறையை அளவுக்குக் குறைத்த பிறகே கொடுக்க வேண்டும்.

அதே 1 கிலோ ஓம் இன்னொரு இடத்தில் தொல்லை தரும். உள்ளீடுகள் பொதுவாக 100 கிலோ ஓம். ஒரு கீபோர்டின் பிட்ச் வோல்ட்டைப் பாஸிவ் மல்டிபிளில் (ஒரு சிக்னலை வெறும் கம்பி இணைப்பால் பலவாகப் பிரிப்பதில்) பிரித்து மூன்று ஆஸிலேட்டர்களுக்கு (ஒலி அலையை எழுப்பும் மாட்யூல்களுக்கு) கொடுத்தால், மூன்றும் சேர்ந்து சுமார் 33 கிலோ ஓம் சுமையாகிவிடுகின்றன. வோல்ட்டில் ஏறத்தாழ 3 சதவீதம் கரைகிறது. ஒரு ஆக்டேவுக்கு 35 சென்ட் (ஆக்டேவில் 1200 சென்ட்) அளவுக்குச் சுருதி இறங்கும். மேலே போகப் போகப் பிசகு கூடும். ஆஸிலேட்டர் கெட்டுவிட்டது என்று ட்ரிம்மரை (டியூனிங் சரிசெய்யும் சிறு திருகை) திருகி அதன் டியூனிங்கையும் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். பிட்ச்சுக்கு மட்டும் பஃபர்டு மல்டிபிள் (பிரித்தாலும் வோல்ட் கரையாத வகை) வாங்குங்கள். கேட்டுக்கும் எல்.எஃப்.ஓ.வுக்கும் (மெதுவாக ஆடும் கட்டுப்பாட்டு அலைக்கும்) பாஸிவ் போதும்.

ரிப்பன் கேபிள்

பஸ்போர்டில் (கேஸுக்குள் மாட்யூல்களுக்கு மின்சாரம் பகிரும் பலகையில்) உள்ள 16 பின் ஹெடரை (முள் வரிசைகளை) இரண்டிரண்டு பின்னாக எட்டு வரிசைகளாகப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து: -12, பிறகு மூன்று வரிசை கிரவுண்ட், பிறகு +12, +5, சிவி (கட்டுப்பாட்டு வோல்ட்), கேட். மாட்யூலின் பக்கம் 10 பின் இருந்தால் முதல் ஐந்து வரிசை மட்டும் இருக்கும். கேபிளின் சிவப்புக் கோடு -12 பக்கம் வர வேண்டும். சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்று மற்ற மின்வேலைகளில் பழகிய கை இங்கேதான் ஏமாறும்.

10 பின் பக்கம் தலைகீழானால் +12உம் -12உம் இடம் மாறும், கிரவுண்ட் அப்படியே இருக்கும். பாதுகாப்பில்லாத மாட்யூலில் டிஎல்072 போன்ற ஐசிக்களின் வழியாக வரம்பில்லாத மின்னோட்டம் பாயும். சில விநாடிகளில் ஐசி கொதித்துப் பிளக்கும். டான்டலம் கெபாசிட்டர் இருந்தால் தீயே பிடிக்கலாம்.

16 பின் தலைகீழாவது அதைவிட மோசம், ஏனென்றால் சேதம் அந்த மாட்யூலோடு நிற்பதில்லை. 180 பாகை திருப்பிச் செருகினால் மாட்யூலின் கிரவுண்ட் பின்கள் மூன்று வரிசையும் பஸ்போர்டின் +12, +5, சிவி வரிசைகளின் மேல் உட்காரும். மாட்யூலுக்குள் கிரவுண்ட் பின்கள் அனைத்தும் ஒரே செம்புப் பரப்பில் இணைந்தவை. ஆக அந்த மாட்யூல் ஒரு பாலமாகி, பஸ்ஸின் +12ஐ +5 கம்பியோடு சேர்த்துவிடுகிறது. 5 வோல்ட்டில் ஓடும் டிஜிட்டல் மாட்யூல் அதே கேஸில் வேறெங்கோ ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தாலும் அதற்கு 12 வோல்ட் ஏறும். தலைகீழாகச் செருகிய மாட்யூலில் பாதுகாப்பு டையோடு இருந்தால் அது பிழைத்துக்கொள்ளலாம். பக்கத்து மாட்யூல் சாகும். "டையோடு இருக்கிறதே" என்ற தைரியம் 16 பின்னில் செல்லாது.

மூன்றாவது வகை, ஒரு வரிசை தள்ளிச் செருகுவது. சுவரில்லாத, வெறும் பின்கள் நிற்கும் பஸ்போர்டில், கேஸின் இருட்டு மூலையில் இது சுலபமாக நடக்கும். ஒரு வரிசை தள்ளினால் தள்ளிய பக்கத்தைப் பொறுத்து மாட்யூலின் கிரவுண்ட் +12ஐயோ -12ஐயோ பஸ்ஸின் கிரவுண்டோடு இணைத்து நேர் ஷார்ட் ஆகும். சுற்றிலும் சுவருள்ள, ஒரு பக்கம் வெட்டு விட்ட ஹெடர் உள்ள பஸ்போர்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது வீணல்ல.

புது மாட்யூல் எதுவானாலும் இந்த வரிசையில் செய்யுங்கள். கேஸை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். எல்இடி எல்லாம் மங்கி அணையும்வரை அரை நிமிடம் விடுங்கள். கேபிளை மட்டும் பஸ்போர்டில் செருகி, மறுமுனையை எங்கும் தொடாமல் வைத்து மின்சாரம் கொடுத்து, மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முள் கிரவுண்டில், சிவப்பு முள் கோடுள்ள பக்கத்து முனைத் துளையில். மீட்டர் -12 காட்ட வேண்டும். முள் இரண்டு துளைகளைச் சேர்த்துத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை பஸ்போர்டையும் கேபிளையும் ஒரே நேரத்தில் சரிபார்க்கிறது. கடையிலிருந்து வரும் கேபிளிலேயே ஒரு முனை தலைகீழாக அழுத்தப்பட்டிருப்பதுண்டு, கண்ணுக்கு அது தெரியாது. பிறகு மறுபடி அணைத்து, மாட்யூலின் போர்டில் -12 என்றோ கோடு என்றோ அச்சிட்ட இடத்தைப் பார்த்துச் செருகுங்கள். ஹெடரின் வெட்டு வழிகாட்டும் என்று நம்ப வேண்டாம். சில தயாரிப்புகளில் வெட்டு எதிர்ப்பக்கம் இருக்கும். அச்சுதான் சாட்சி. முதல் முறை சுவிட்ச் போடும்போது கை சுவிட்சிலேயே இருக்கட்டும். எல்இடி எரியவில்லை, மற்ற மாட்யூல்கள் மங்குகின்றன, வாசனை வருகிறது, இதில் ஒன்று என்றாலும் உடனே அணையுங்கள்.

திருகு மாட்டும்போது எம்3 திருகு கேஸுக்குள் விழுந்தால், அதை எடுக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. பஸ்போர்டின் மேல் அது எங்கே படுத்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

மின்னோட்டக் கணக்கு எளிது, ஆனால் மூன்று கம்பிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். சப்ளை +12இல் 1000, -12இல் 500 மில்லி ஆம்பியர் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாட்யூல்களின் கூட்டுத்தொகை +12இல் 640, -12இல் 470 என்றால், மொத்தத்தில் இடம் நிறைய இருப்பதுபோல் தெரியும். உண்மையில் -12 மூச்சுமுட்ட நிற்கிறது. ஒவ்வொரு கம்பியிலும் கால்வாசியைக் காலியாக விடுங்கள். சுவிட்ச் போட்ட கணத்தில் கெபாசிட்டர்கள் எல்லாம் ஒரேயடியாக இழுப்பதால், ஓடும்போது போதுமான சப்ளைகூடத் தொடக்கத்தில் திணறி விட்டுவிட்டுத் துடிக்கும்.

கடைசி அவுட்புட்டும் காதும்

10 வோல்ட் உச்சத்துக்கு உச்சம் ஆடும் சைன் அலை, ஆர்எம்எஸ் கணக்கில் 3.5 வோல்ட். வீட்டு ஆடியோ கருவிகள் எதிர்பார்க்கும் லைன் அளவு 0.316 வோல்ட். வித்தியாசம் 21 டெசிபல். ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டியில்) கெயினை முழுக்கக் குறைத்தும் ஒலி பிளந்து கேட்டால் காரணம் இதுதான். அவுட்புட் மாட்யூல் இல்லாதவர்கள் 10 கிலோ ஓம் தொடராகவும், 1 கிலோ ஓம் கிரவுண்டுக்குமாக ஒரு சிறு டப்பாவில் சால்டர் செய்துகொண்டால் சிக்னல் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

அளவைவிட ஆபத்தானது டிசி. மாட்யூலரில் நிலையான வோல்ட்டும் ஒரு சிக்னல்தான். விசிஏவுக்குள் (வோல்ட்டால் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் மாட்யூலுக்குள்) ஆஃப்செட் என்னும் நிலையான வோல்ட் புகுந்தால் அது அப்படியே வெளியே வரும். 0.5 ஹெர்ட்ஸ் எல்.எஃப்.ஓ. காதுக்குக் கேட்காது, ஆனால் ஸ்பீக்கரின் கூம்பை முன்னும் பின்னும் தள்ளும். ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் சூடாகும். பெரும்பாலான மிக்ஸர்களும் இன்டர்ஃபேஸ்களும் உள்ளீட்டில் கெபாசிட்டர் வைத்து டிசியைத் தடுத்துவிடும். டிசி கப்ளிங் உள்ள, அதாவது டிசியையும் உள்ளே விடும், இன்டர்ஃபேஸும், சில பவர் ஆம்ப்ளிஃபயர்களும் தடுக்காது. தொடராக ஒரு 10 மைக்ரோஃபாரட் பைபோலார் கெபாசிட்டர் போட்டால், 10 கிலோ ஓம் உள்ளீட்டில் 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை அடங்கிவிடும். பேஸ் குறையாது.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரெசனன்ஸைக் கூட்டிக்கொண்டே போகும்போது ஃபில்டர் தானாகப் பாட ஆரம்பிக்கும் கணத்தில் ஒலி படியாக ஏறாது, தாவும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கம்ப்யூட்டரில் லிமிட்டர் (ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுப்பது) போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரிங் (உள்ளே வரும் ஒலியைக் கம்ப்யூட்டர் வழியாகப் போகாமல் நேரே கேட்கவைப்பது) ஆன் ஆகியிருந்தால் ஹெட்ஃபோனுக்கு வரும் ஒலி அந்த லிமிட்டரைத் தொடுவதே இல்லை. டைரக்டை அணையுங்கள், அல்லது மாட்யூலருக்குள்ளேயே கடைசியில் ஒரு லிமிட்டர் வையுங்கள். ஃபீட்பேக் பேட்ச் செய்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

பழைய கருவி வாங்குவோர் இரண்டு விஷயம் பாருங்கள். ஜப்பானிலிருந்து வருபவை 100 வோல்ட்டுக்கு அமைந்தவை. நம் 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்து, சரியான ஸ்டெப்-டவுன் வாங்குங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு ஹம் நின்றது என்று சந்தோஷப்படுவது உயிரோடு விளையாடுவது. இரண்டாவது, நினைவகத்துக்கான பேட்டரி. கோர்க் பாலிசிக்ஸ் போன்றவற்றில் உள்ள நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து போர்டின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். விலை பேசுவதற்கு முன் மூடியைத் திறந்து பார்க்கக் கேளுங்கள்.

இனி சோதனை

ஃபில்டரின் ரெசனன்ஸைத் தானாகப் பாடும் எல்லைக்கு ஒரு நூல் முன்பு நிறுத்துங்கள். ஆஸிலேட்டர் வேண்டாம். ஆடியோ உள்ளீட்டில் 5 முதல் 10 மில்லி விநாடி டிரிக்கர் (குறுகிய மின்துடிப்பு) மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு டிரிக்கருக்கும் மரத்தைத் தட்டிய ஒலி எழும்பி அடங்கும். ரெசனன்ஸை ஒரு மயிரிழை கூட்டினால் நாதம் நீளும், குறைத்தால் 'டக்' என்று நிற்கும். கட்-ஆஃபுக்கு (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடத்துக்கு) 1 வோல்ட்/ஆக்டேவ் உள்ளீடு இருந்தால் அதையே ஸ்வரங்களாக வாசிக்கலாம். ஒலி மெலிந்து கேட்டால் பேட்ச்சில் தவறில்லை, டிரிக்கரின் வோல்ட் போதவில்லை, பெருக்கிக் கொடுங்கள்.

அடுத்தது ஃபீட்பேக். ஆஸிலேட்டர், ஃபில்டர், விசிஏ என்ற வழக்கமான சங்கிலியை வையுங்கள். ஃபில்டரின் அவுட்புட்டைப் பிரித்து, ஒரு அட்டென்யுவேட்டர் (சிக்னலின் அளவைக் குறைக்கும் குமிழ்) வழியாக ஆஸிலேட்டரின் சுருதியை அசைக்கும் எஃப்.எம். உள்ளீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அட்டென்யுவேட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். மெல்லத் திருகினால் முதலில் ஒலி கரகரக்கும், பிறகு சுருதி நழுவும், அதற்குப் பிறகு இரைச்சல். சுருதி நழுவுவதற்கும் இரைச்சலுக்கும் நடுவே ஒரு குறுகிய பகுதி இருக்கிறது. அங்கே கட்-ஆஃபைத் துளி அசைத்தாலும் ஒலி வேறொரு நிலைக்குத் தாவும். பழைய இடத்துக்குத் திருப்பினாலும் பழைய ஒலி திரும்பாமல் போகும். அந்தப் பகுதியைக் கையால் தேடுவதைவிட, அட்டென்யுவேட்டருக்குப் பதில் விசிஏ வைத்து, மிக மெதுவான எல்.எஃப்.ஓ.வால் அதைத் திறந்து மூடுங்கள். பதிவை முதலிலிருந்தே ஓடவிடுங்கள். அதே பேட்ச்சை நாளைக்குப் போட்டாலும் அதே ஒலி கிடைக்காது, ஏனென்றால் அனலாக் ஆஸிலேட்டரின் சுருதி அறையின் வெப்பத்தோடு நகரும். ஈடுகட்டும் அமைப்பில்லாத சுற்றில் ஒரு டிகிரிக்கு, வோல்ட்டுக்குச் சுருதி ஏறும் அளவு மட்டுமே ஏறத்தாழ 0.33 சதவீதம் மாறும், அதாவது ஆக்டேவுக்கு 4 சென்ட். டியூனிங் பார்ப்பதாக இருந்தால் ஏசியைப் போட்டு, கேஸையும் ஆன் செய்து, 20 முதல் 30 நிமிடம் கழித்து டியூனரை எடுங்கள்.