தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்

தேங்காய் எண்ணெயால் இறுகிப்போய் நான் சரிசெய்ததில், இந்த மாதத்தில் இது நான்காவது மெஷின். நேரில் பார்ப்பவர்களிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் மதுரை வண்டியூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "அண்ணே, எங்க அப்பத்தா மெஷின் ஒண்ணு வீட்டுல கிடக்கு. வீல் அசையவே மாட்டேங்குது. பழைய இரும்புக்காரர் வாசல்ல நிக்கிறாரு. எடைக்குப் போட்டுரவா, இல்ல நீங்க ஒரு தடவ பாக்குறீங்களா?"

"போடாதம்மா. சாயங்காலம் வர்றேன்" என்றேன்.

பிள்ளைக்குப் பாவாடை சட்டை, கவுன் எல்லாம் வீட்டிலேயே தைத்தால் நாலு காசு மிச்சமாகும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். நல்ல ஆசை. கட்டிலுக்கு அடியில் கிடந்த மெஷினை இழுத்துத் துடைத்து, வீல் இறுக்கமாக இருக்கவே, அடுப்படியிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து எல்லாத் துளையிலும் ஊற்றியிருக்கிறார். இரண்டு நாள் நன்றாக ஓடியிருக்கிறது. பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒன்றரை மாதம் தொடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் மெஷின் கல்லாகிக் கிடக்கிறது.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். அந்த வாடையை வைத்தே சொல்லிவிடலாம், காறிப்போன எண்ணெய். ஊசியைப் பிடித்திருக்கும் கம்பியைச் சுற்றி மஞ்சளாக ஒரு பிசின். அதில் நூல் தூசி ஒட்டி ஒட்டி, கம்பளித் துண்டு மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வருகிறது. கீழே அடிநூலைப் பிடித்திருக்கும் ஷட்டிலைச் சுற்றியும் அதே கதை. ஆனால் ஒரு பாகம்கூடத் தேயவில்லை, உடையவில்லை. அப்பத்தா அவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். துளைக்குத் துளை மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வீலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, மறுபடி மண்ணெண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு வந்தேன். காலையில் ஒற்றை விரலால் தள்ளினால் வீல் சுற்றியது. பிசினைத் துடைத்தெடுத்து மெஷின் எண்ணெய் விட்டேன். ஆன செலவு ஒரு எண்ணெய்ப் புட்டி, ஒரு ஊசி, பெல்ட், என் கூலி. இதைத்தான் எடைக்குப் போட இருந்தார்கள்.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள் என்று சொன்னால், பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "எங்க அம்மா அதைத்தாண்ணே விட்டாங்க. நல்லாத்தானே ஓடுச்சு." ஓடியது, மறுக்கவில்லை. உங்கள் அம்மா தினமும் தைத்தார். தினமும் ஓடுகிற மெஷினில் பழைய எண்ணெய் ஒரே இடத்தில் நிற்காது, புதிது விட விட வெளியே வந்துகொண்டே இருக்கும். நீங்கள் பொழுதுபோக்காக மாதத்துக்கு இரண்டு நாள் தைக்கிறீர்கள். மீதி இருபத்தெட்டு நாளும் அந்த எண்ணெய் காற்றுப் பட்டுக் காறி, தூசியைப் பிடித்து, பசையாகிறது. இன்னொன்று, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் குளியலறைப் புட்டியில் உறைந்து கிடக்கிறதே, மெஷினுக்குள் இருப்பது மட்டும் உறையாதா? அந்த நேரத்தில் வீல் இறுகுகிறது என்று பலத்தைப் போட்டுத் திருப்புவார்கள். அப்போதுதான் நிஜமாகவே ஏதாவது உடைகிறது.

நல்லெண்ணெய் இதைவிட மோசம். அது காய்ந்தால் வார்னிஷ் பூசியது போல ஒரு படலமாகவே ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய்க்குக்கூட லேசில் மசியாது. விளக்கெண்ணெய் பிசுபிசுக்கும். வண்டிக்கு விடுகிற எஞ்சின் ஆயில் கெட்டி, துணியிலும் கறை போடும். துரு விடுவிக்க அடிக்கிற ஸ்பிரே இறுகிய திருகைக் கழற்ற மட்டும்தான். அது ஆவியானதும் இரும்பும் இரும்பும் உரசும். தையல் மெஷின் எண்ணெய் என்று கேட்டால் தண்ணீர் மாதிரி தெளிவாக, மெல்லியதாக ஒன்று தருவார்கள். வீட்டுத் தையலுக்குச் சின்னப் புட்டியே ஒரு வருஷத்துக்கு வரும். அதில் மிச்சம் பிடிக்கிற பத்து ரூபாயால்தான் மெஷின் போகிறது.

விடும் முறை: பழைய கறுப்பு மெஷினில் எங்கெல்லாம் துளை இருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரே ஒரு சொட்டு. ஷட்டில் சுற்றும் வளையத்தில் ஒரு சொட்டு. பிறகு நூல் கோர்க்காமல் ஒரு கந்தல் துணியில் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். அந்தத் துணியை அப்படியே ஃபுட்டுக்கு (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) அடியில் விட்டுவிட்டால், வழிகிற எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். பெல்ட்டில் படக்கூடாது, மோட்டாருக்குள் போகக்கூடாது. உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம் உள்ள புது மாடல் மெஷின் என்றால், கையேட்டில் சொன்ன இடம் தவிர வேறெங்கும் கைவைக்க வேண்டாம். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவும்போது பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக்கூடாது. தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், மெஷின் மேலே பொன்னிறத்தில் இருக்கிற பூவேலை அழிந்துவிடும்.

நான் தொழில் பழகியது மீனாட்சியம்மன் கோயில் பக்கம் இருக்கும் புது மண்டபத்தில். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் போதும், அழகருக்கு வேண்டிக்கொண்டவர்களுக்கு உடுப்புத் தைக்க ராப்பகலாக மெஷின் ஓடும். எல்லாம் பழைய கறுப்பு மெஷின்கள்தான். காலையில் கடை திறந்ததும் தூசியைத் துடைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, அப்புறம்தான் டீ. அப்பா வாங்கிய மெஷினில் மகன் உட்கார்ந்து தைப்பதை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கட்டிலுக்கு அடியில் ஒன்று கிடக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, எண்ணெய்க்கு அடுத்து ஊசி. "மெஷின் தையல் விட்டு விட்டு விழுது, நூல் அறுந்துகிட்டே இருக்கு" என்று தூக்கிவருவதில் பெரும்பாலானவற்றுக்கு ஊசியை மாற்றினால் வேலை முடிந்தது. போன தீபாவளிக்குப் போட்ட ஊசியிலேயே அடுத்த தீபாவளிக்கும் தைக்கிறார்கள். எட்டுப் பத்து மணி நேரம் தைத்தாலே ஊசி முனை மழுங்கிவிடும். சாதாரணப் பருத்திக்கு 14 நம்பர், மெல்லிய பட்டுக்கு 11, ஜீன்ஸ் மடிப்புக்கு 16 அல்லது 18. வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கடைகளில் ஓடும் பவர் மெஷினுக்கு உருண்டைத் தண்டு. கடையில் கேட்கும்போது வீட்டு மெஷினுக்கு என்று சொல்லி வாங்குங்கள். மாட்டும்போது எந்தப் பக்கம் என்று குழம்பினால் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மேலிருந்து கண் வரைக்கும் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் கண்ணுக்குள் நுழைய வேண்டும். பக்கம் மாறினால் தையலே விழாது. அந்தத் தவறுக்கு மெஷினைத் திட்டிக்கொண்டு ஒரு மாதம் மூலையில் வைத்திருந்த வீடுகள் உண்டு.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் உடனே பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் டப்பி) திருகை முறுக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் மேலேதான். ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முதலிலிருந்து மறுபடி கோர்த்துப் பாருங்கள். ஃபுட் இறங்கியிருந்தால் மேல் நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராது.

கால் மெஷினில் பழகுகிறவர்களுக்கு: வீலின் மேல் பக்கம் உங்களை நோக்கித்தான் வர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும், அறும். முதல் இரண்டு மூன்று நாள் துணியும் வேண்டாம், நூலும் வேண்டாம். கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகுங்கள். கையும் காலும் ஒன்றுக்கொன்று இசைந்த பிறகு துணிக்குப் போகலாம். அந்த ஊசி தாளில் மழுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

இது பிடிபடும் முன்னரே மோட்டார் மாட்டித்தரச் சொல்லி வருகிறார்கள். எனக்கு அதில் வருமானம்தான், இருந்தாலும் மூன்று மாதம் போகட்டும் என்று திருப்பி அனுப்புகிறேன். காரணம், போன ஆடி மாதம் பார்த்தது. மேலூர்ப் பக்கம் ஒரு அம்மா, நூல் கோர்க்கக் குனிந்திருக்கிறார். மேசைக்கு அடியில் விளையாடிய பையன் பெடலை மிதித்துவிட்டான். ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்து, உள்ளேயே முறிந்துவிட்டது. துண்டை எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடித்து எடுத்தார்கள். முறிந்த ஊசியைப் பார்த்து மெஷினைச் சரிசெய்யச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மெஷினில் ஒரு குறையும் இல்லை.

தயவுசெய்து கேளுங்கள். மோட்டார் மெஷினில் நூல் கோர்க்கும்போதும் ஊசி மாற்றும்போதும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பெடலிலிருந்து காலை எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுந்து போகும்போது பிளக்கையே பிடுங்குங்கள். முறிந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்கு வந்ததா என்று சேர்த்து வைத்துப் பாருங்கள். விரலில் ஏறிவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் தனுர்வாதத்துக்கான டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கையடக்கமாக ஸ்டேப்ளர் மாதிரி விற்கிறார்களே, அந்த மினி மெஷினைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் பாபின் கிடையாது, ஒற்றை நூல் சங்கிலித் தையல். முடிச்சுப் போடாமல் விட்ட முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் உருவிக்கொண்டு வரும். உடுத்துகிற துணிக்கு ஆகாது.

காசு மிச்சம் பிடிக்கத்தான் தைக்கிறீர்கள் என்றால், எடுத்த எடுப்பில் பட்டு பிளவுஸ் வெட்டாதீர்கள். வெட்டியது வெட்டியதுதான். பழைய வேட்டியில் மஞ்சப்பை, தலையணை உறை, பேன்ட் கால் மடிப்பு, சேலைக்கு ஃபால்ஸ், இறுக்கமான சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துவிடுவது என்று ஆரம்பியுங்கள். வெளியே கூலி கொடுத்துச் செய்கிற சின்ன வேலைகள் இவைதான், கைக்கு முதலில் வருவதும் இவைதான். விளக்குத்தூண் பக்கம் கட் பீஸ் எடுத்தால், புதுப் பருத்தியை ஒரு தடவை நனைத்துக் காயவைத்து அப்புறம் வெட்டுங்கள். சுங்குடி என்றால் கட்டாயம். சுருங்குவதும் சாயம் போவதும் வெட்டுவதற்கு முன்னாலேயே நடந்துவிடட்டும்.

கடைசியாக ஒன்று. மெஷினை என்னைப் போன்ற ஆளிடம் கொண்டுவரும்போது வெறும் தலையை மட்டும் தூக்கி வராதீர்கள். எந்தத் துணியில் தகராறு செய்ததோ அதில் ஒரு துண்டு, தைத்த அதே நூல்கண்டு, போட்டிருந்த ஊசி, பாபின், பாபின் கேஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இவை இல்லாவிட்டால் என்னிடம் உள்ள நல்ல நூலில் நன்றாக ஓட்டிக்காட்டி அனுப்பிவிடுவேன். வீட்டுக்குப் போய் அதே பிசிறு நூலைப் போட்டால் அதே தகராறுதான் வரும். எந்த எண்ணெய் விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டேன்.