துப்பாக்கி விலையில் காதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. ஆடியோலஜிஸ்ட் என்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் பிறை பக்கத்துத் தொழிற்சாலைகளில் இரைச்சலுக்கு நடுவே வேலை செய்தவர்கள். வயதாகிக் காது மங்கியவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராத சிலர் மாதத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார்கள். துப்பாக்கி வெடித்துக் காதைக் கெடுத்துக்கொண்டவர்கள். அப்படி வந்த ஒரு பெரியவரையும் அவருடைய பேரனையும் பற்றி அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பெரியவருக்கு 68 வயது. நிபோங் திபால் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறார். காட்டுப் பன்றி வந்து செம்பனைக் கன்றுகளைக் குடைந்து தின்றுவிடும் என்பதால் முறையாக லைசென்ஸ் எடுத்து 12 போர் என்ற குழல் அளவுள்ள சாட்கன் வைத்திருக்கிறார். அவரை அழைத்து வந்தது மனைவிதான். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டிலை நகர்த்திட்டுத் தேடுறாரு மேடம், சில்வண்டு உள்ள வந்துடுச்சாம். எனக்கு ஒண்ணுமே கேட்கல." வீட்டுக்குள் சில்வண்டு எதுவும் வரவில்லை. அது அவர் காதுக்குள்ளேயே கேட்கும் இரைச்சல்.

சோதனை அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, நான் சொல்லும் சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். 'கட்டு' என்றால் 'பட்டு' என்றார். 'சாவி' என்றால் யோசித்துவிட்டு 'ஆவியா?' என்றார். குரல் அவருக்குக் கேட்கிறது, எழுத்துதான் பிடிபடவில்லை. ஒவ்வொரு சுருதியும் எத்தனை சத்தமாக இருந்தால் கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில் தாழ்ந்த சுருதிகள் ஏறக்குறைய சரியாகவே இருந்தன. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கோடு பள்ளத்தில் விழுந்தது. இடது காதில் 70 டெசிபெல் வரை, வலது காதில் 45. இந்தப் படத்தைப் பார்த்ததுமே, "ஐயா, வலது தோள்ல வச்சுத்தானே சுடுவீங்க?" என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். வலது தோளில் கட்டையை வைத்துச் சாயும்போது இடது காது குழல் முனைப் பக்கம் திரும்பி நிற்கும், வலது காது தலையின் மறைவில் இருக்கும். வலக்கைக்காரர் பலருக்கு இடது காது முதலில் போவது அதனால்தான்.

"வருஷத்துக்கு இருபது தோட்டாகூட வெடிக்க மாட்டேனேம்மா" என்றார். இந்தச் சொல்லை நான் எத்தனை பேர் வாயிலோ கேட்டிருக்கிறேன். எண்ணிக்கை குறைவென்றால் கெடுதலும் குறைவு என்று நினைக்கிறார்கள். தொழிற்சாலை இரைச்சல் வருஷக்கணக்கில் மெல்லத் தேய்க்கும். துப்பாக்கிச் சத்தம் ஒரே வெடியில் கிழித்துவிடக் கூடியது. பலத்த சத்தம் வந்தால் நடுக்காதில் இருக்கும் சின்னத் தசை ஒன்று இறுகி, உள்ளே போகும் ஒலியைக் கொஞ்சம் தடுக்கும். இயற்கை கொடுத்த காவல் அது. ஆனால் அந்தத் தசை இறுகுவதற்குள் வெடிச்சத்தம் உள்காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே ஒவ்வொரு காதிலும் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் சுமார் 15,000தான் இருக்கின்றன. செத்தது செத்ததுதான், மறுபடி முளைக்காது. ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை.

நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு தொழில்சார் இரைச்சல் விதிகள், எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 85 டெசிபெல் என்றும், வெடிப்பு போன்ற திடீர் சத்தத்துக்கு உச்சம் 140 டெசிபெல் என்றும் எல்லை வைத்திருக்கின்றன. 12 போர் சாட்கனின் உச்சம் சுடுகிறவர் காதருகே 150க்கு மேல் போகும். டெசிபெல் ரிங்கிட் மாதிரி ஒன்று ஒன்றாக ஏறுவதில்லை. மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு, பத்து கூடினால் பத்து மடங்கு. தொழிற்சாலைக்குள் என்றால் முதலாளி அளந்து பார்த்தாக வேண்டும். தன் தோட்டத்தில் பன்றிக்குக் காவல் இருக்கும் மனிதருக்கு யார் அளக்கிறார்கள்? பெரியவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாராம். பஞ்சு காதுக்குப் போதுமான காப்பு தராது. காப்பு இருக்கிறது என்ற நினைப்பைத்தான் தரும். அது இன்னும் ஆபத்து.

அன்று பேரனும் கூட வந்திருந்தார். நியூசிலாந்தில் பால் பண்ணையில் வேலை, விடுமுறைக்கு வந்தவர். அங்கே துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துவிட்டாராம், மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள் வாங்கப் போகிறாராம். தாத்தாதான், "இவங்ககிட்டயே கேளுடா" என்று தள்ளிவிட்டார். ஆயிரம் டாலருக்குள் என்ன வாங்கலாம், எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டார்.

நான் துப்பாக்கி விற்கிறவள் இல்லை. ஆனால் சுடுகிறவர்களின் காதுகளை இத்தனை வருஷம் பார்த்ததில், எந்தத் தோட்டா எந்தக் குழலில் என்ன செய்யும் என்று படிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் மனதில் இருந்தது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டா. பண்ணை நண்பர்கள் "பெரிசா வாங்கு, எல்லாத்துக்கும் ஆகும்" என்றார்களாம். வேண்டாம் என்றேன். காரணம் இதுதான். அந்தத் தோட்டாவில் மருந்து அதிகம், தோளில் உதை பலமாக இருக்கும். விலை குறைந்த ரைஃபிள்கள் எடையும் குறைவாக இருக்கும், அதனால் உதை இன்னும் கூடும். உதை தாங்காமல் குழல் முனையில் மஸில் பிரேக் என்ற துளையிட்ட கருவியை மாட்டுவார்கள். அது வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடும். தோள் பிழைக்கும், ஆனால் சத்தம் ஐந்து முதல் பத்து டெசிபெல் கூடி நேராகக் காதுக்கு வரும், பக்கத்தில் நிற்பவர் காதுக்கும். இத்தனைக்கும் தொடக்கமே தேவைக்கு மீறிய தோட்டாதான்.

அவர் சுடப்போவது ஆடும் மானும். அதுவும் புதிதாகப் பழகுகிறவர், இருநூறு மீட்டருக்குள்தான் சுடுவார். அதற்கு .243 வின்செஸ்டர் போதும். பெரிய செம்மான் கிடாவும் வேண்டும் என்றால் .308 வின்செஸ்டர். இவை 1950களிலிருந்து இருக்கும் தோட்டாக்கள், கடைக்குக் கடை கிடைக்கும், விதவிதமான குண்டுகளில் வரும். 2007இல் வந்த 6.5 கிரீட்மோரும் நல்லதுதான், உதை .308ஐவிடக் குறைவு. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் மானுக்கு வித்தியாசம் தெரியாது, சரியான இடத்தில் பட்டால். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தால் எந்த மேக்னமும் உதவாது. அடிபட்டு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும் மிருகம் என்பது தாங்க முடியாத விஷயம்.

ரைஃபிள் என்றால் ஹோவா 1500, ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் மாதிரி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள் விலை கட்டுப்படியாகிற வரிசை. டிக்கா அதற்கு ஒரு படி மேல். அதிலெல்லாம் நான் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் அவரைப் பார்க்கச் சொன்னது குழலைத்தான். குட்டைக் குழல் காட்டுக்குள் தூக்கிப் போகச் சுலபம் என்று விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் குட்டைக் குழலில் வாயு இன்னும் அதிக அழுத்தத்தில் வெளியேறும், முனையும் முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சத்தம் ஏறும். சைலன்சர் மாட்டுவதாக இருந்தால்தான் குட்டைக் குழலை யோசிக்கலாம். நியூசிலாந்தில் வேட்டை ரைஃபிளில் சைலன்சர் மாட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. முனையில் மரை வெட்டிய குழலாகப் பார்த்து வாங்கிவிட்டால், சைலன்சர் இருபது முதல் முப்பது டெசிபெல் வரை குறைத்துக் கொடுக்கும். சினிமாவில் வருவதுபோல் 'புஸ்' என்றெல்லாம் கேட்காது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் அதன் வெடிப்பொலி இருக்கத்தான் செய்யும். அதனால் அப்போதும் காதில் அடைப்பான் வேண்டும்.

ஆயிரம் டாலரில் சைலன்சருக்கும் காதுக் காப்புக்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் ரைஃபிள் பாருங்கள் என்றேன். ரைஃபிள் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பிறகு மாற்றலாம்.

நம் ஊரில் இந்த யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஆயுதச் சட்டம் 1960இன் கீழ் போலீஸ் லைசென்ஸ் வேண்டும், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் வேட்டை உரிமம் தனியாக எடுக்க வேண்டும், தோட்டக்காரருக்குப் பெரும்பாலும் கிடைப்பது சாட்கன்தான். எல்லைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 வருஷம் வரை சிறை, குறைந்தது ஆறு ரோத்தான் (பிரம்பு) அடி. சைலன்சரை நினைக்கவே வேண்டாம்.

ஆக நமக்கு மிச்சம் இருப்பது காதுக் காப்பு. ஒன்றிரண்டு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் நுரை அடைப்பானே போதும், சரியாகப் போட்டால். பலரும் வெறுமனே காது வாசலில் செருகிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அதை விரல்களுக்குள் மெல்லிய குச்சிபோல் உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்தால் துளை நேராகும், அப்போது உள்ளே விட்டு அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பெரியவருக்கு மூன்று தடவை செய்துகாட்டினேன். நான்காவது தடவை அவரே போட்டுக்கொண்டு, "உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வருதும்மா" என்றார். அப்படிக் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம்.

அவருடைய மறுகேள்வி நியாயமானது. காதை அடைத்துவிட்டால் இருட்டில் பன்றி வரும் அரவம் எப்படிக் கேட்கும்? இதற்குத்தான் மின்னணு காதுக் கவசம் இருக்கிறது. சின்ன ஒலியை உள்ளே விடும், பெரிய ஒலி வந்ததும் அடைத்துக்கொள்ளும். சில நூறு ரிங்கிட் ஆகும். காது போன பிறகு வாங்கும் கருவிக்கு ஒரு காதுக்கே ஆயிரக்கணக்கில் ஆகிறது. அதுவும் ஒலியைக் கூட்டிக் கொடுக்குமே தவிர, 'கட்டு' எது, 'பட்டு' எது என்று முன்போல் பிரித்துக் கொடுத்துவிடாது. குடிசைக்குள்ளிருந்தோ லாரிக்குள்ளிருந்தோ சுடுகிறவர்கள் அடைப்பானும் கவசமும் இரண்டுமே போட வேண்டும். சுவரில் மோதிச் சத்தம் திரும்பி வரும்.

வெடித்த பிறகு காதில் 'ங்ஙொய்' என்று கேட்டாலோ, அடைத்த மாதிரி இருந்தாலோ, ஒரு ராத்திரி தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மறுநாளும் இருந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு ஸ்டெராய்டு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், அது முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். காவல் வேலையில் சுட்டுக் காது போனவர்கள் என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் விசாரியுங்கள்.

பேரனின் காதையும் அன்றே சோதித்தேன். இரண்டு பக்கமும் நேர்க்கோடு, ஒரு பள்ளம்கூட இல்லை. அந்தத் தாளை அச்செடுத்து அவரிடமே கொடுத்தேன், அடுத்த வருஷம் வரும்போது கொண்டுவரச் சொல்லி. தாத்தா அதை வாங்கித் தன்னுடைய தாளுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு கோடுகளையும் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.