குரோன் நோய்க்கு மருந்து ஏற்றினால் பிள்ளை சீக்கிரம் வயசுக்கு வந்துவிடுமா?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. மகளுக்கு ஏழரை வயது. ஐந்து வயதில் வயிற்றுவலி, ரத்தம் கலந்த பேதி, எடை ஏறாமை என்று ஆரம்பித்திருக்கிறது. முதலில் குடல் காசநோயாக இருக்குமோ என்று பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சந்தேகம் வராமல் இருக்காது; இரண்டு நோயும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரே மாதிரிப் புண் போடும். அப்புறம் குரோன் நோய், அதாவது குடலில் தீராமல் தொடரும் அழற்சி, என்று உறுதியானது. கொஞ்ச காலம் ஸ்டீராய்டு மாத்திரை, இப்போது எட்டு வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு வந்து, அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து டிரிப்ஸ். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், போன வருடத்துச் சட்டை எதுவும் பத்தவில்லை. போன மாதம் குளிப்பாட்டும்போது பார்த்தால் ஒரு பக்க மார்புக் காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் கட்டி, தொட்டால் வலிக்கிறதாம்.

"பிராய்லர் கோழிதான் காரணம்னு எங்க அத்தை சொல்றாங்க. டிரிப்ஸ்தான் காரணம், நிறுத்திடலாம்னு இவ அப்பா சொல்றார். யார் சொல்றது சரி சார்?"

இரண்டும் சரியில்லை. ஆனால் அப்பா சொல்வது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது, அதனால் அதுதான் அதிக ஆபத்து.

கோழியை முதலில் முடித்துவிடுவோம். ஹார்மோன் கொடுத்து வளர்க்கிறார்கள் என்ற பேச்சுதான் அது. பிராய்லர் குஞ்சு ஆறு வாரத்தில் கறிக்குத் தயாராவது பல தலைமுறை இனத்தேர்வாலும் தீவனத்தாலும். வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிறே அதைச் செரித்துவிடும். ஊசியாகப் போடுவதென்றால் கொட்டகையில் இருக்கும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளையும் திரும்பத் திரும்பப் பிடித்துக் குத்த வேண்டும். பல்லடத்துப் பண்ணைக்காரர் எவருக்கும் அது கட்டுப்படியாகாது. கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பற்றிக் கோபப்படுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஹார்மோன் கதையை விட்டுவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்னும் ஆண் பிள்ளைக்கு ஒன்பது வயதுக்கு முன்னும் பருவ அறிகுறிகள் தோன்றினால் அதை முன்கூட்டிய பருவம் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், குரோன் நோயில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர் எதிர். அந்தப் பிள்ளைகளுக்குப் பருவம் தள்ளிப்போகும். உயரமும் நின்றுபோகும். குடலில் எரியும் அழற்சி டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் அள்ளிக் கொட்டுகிறது. அவை பசியைக் கெடுக்கின்றன, எலும்பின் வளர்ச்சித் தட்டைத் தாக்குகின்றன, பருவத்தைத் தொடங்கி வைக்கும் மூளைப் பகுதியையும் அடக்குகின்றன. அப்படிப்பட்ட நோயில் ஏழரை வயதில் மார்பு வளர்ந்தால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். அதற்கு, பருவம் எப்படித் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. மொத்தமே ஓரிரண்டாயிரம்தான். இவை பிறப்பது மூளையில் இல்லை. கருவின் மூக்குப் பகுதியில். அங்கிருந்து முகர்வு நரம்புகளைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து மூளைக்குள் வந்து சேர்கின்றன. வழியில் நின்றுபோனால் அந்தப் பிள்ளைக்குப் பிற்பாடு பருவமும் தானாக வராது, மல்லிகை வாசமும் தெரியாது. கால்மன் நோய்க்குறி என்று அதற்குப் பெயர்.

வந்து சேர்ந்தவை சும்மா இருப்பதில்லை. குழந்தை பிறந்த முதல் சில மாதங்கள் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. கைக்குழந்தையின் மார்பு சில சமயம் லேசாக வீங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் பல வருடம் அடங்கிக் கிடக்கின்றன. பருவம் என்பது புதிதாக ஒன்று முளைப்பது அல்ல. அடக்கி வைத்திருந்தது மறுபடி எழுவது.

எழுந்த பிறகும் அவை ஹார்மோனை ஒழுக விடுவதில்லை, விட்டுவிட்டுத்தான் விடுகின்றன. 1978-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் க்னோபில் குழுவினர் இதைக் குரங்குகளில் காட்டினார்கள். ஹைப்போதலாமஸின் அந்தப் பகுதியைச் செயலிழக்கச் செய்துவிட்டு, வெளியிலிருந்து ஜிஎன்ஆர்ஹெச் கொடுத்தார்கள். மணிக்கு ஒரு தடவை ஆறு நிமிடம் மட்டும் கொடுத்தபோது, ஹைப்போதலாமஸுக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி உயிர்பெற்று, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களை அழகாகச் சுரந்தது. அதே மருந்தை இடைவெளி விடாமல் ஏற்றியபோது பிட்யூட்டரி படுத்துவிட்டது. மருந்து அதேதான், சுரப்பியும் அதேதான். இடைவெளி மட்டும்தான் வேறு.

ஊர்ப் பொங்கலுக்கு வீட்டு வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் முதல் நாள் தூக்கம் போகும். மூன்றாம் நாள் அது பாடுவதே காதில் விழாது. பிட்யூட்டரிக்கும் அதே கதி. ஜிஎன்ஆர்ஹெச் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், அதைப் பிடிக்கும் ஏற்பிகளை அணுக்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன, புதிதாகச் செய்வதையும் குறைத்துக்கொள்கின்றன.

இரண்டு வருடம் கழித்து அதே குழுவினர் இன்னொன்று செய்தார்கள். பருவமடையாத குட்டிப் பெண் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு தடவை ஜிஎன்ஆர்ஹெச் கொடுத்தார்கள். அவற்றுக்கு மாதவிடாய்ச் சுழற்சி வந்தது. கொடுப்பதை நிறுத்தியதும் பழையபடி குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிவிட்டன. ஆக, பிட்யூட்டரியும் சினைப்பையும் சிறு வயதிலேயே தயார். மேலிருந்து வரும் அந்தத் துடிப்புக்காகத்தான் எல்லாம் காத்திருக்கிறது. பிள்ளைகளில் இந்தத் துடிப்பு முதலில் எழுவது ராத்திரி, தூக்கத்தில். பகலில் எடுக்கும் ஒற்றை ரத்தப் பரிசோதனை பல சமயம் ஒன்றும் சொல்லாமல் போவது இதனால்தான். ஊசி போட்டுத் தூண்டிப் பார்க்கும் சோதனை தேவைப்படுவதும் இதனால்தான்.

குரங்குக்கு மணிக்கு ஒரு தடவை மருந்து கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்கு யாராவது நிதியை வெட்டியிருந்தால் இன்று இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது. மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், வெளியுலக நேரம் எதுவும் தெரியாத அறையில் ஆட்களைத் தங்கவைத்து, தூக்கம், விழிப்பு போன்ற உடலின் தாளத்தை அளந்தவர். குகை வௌவால்களின் தாளத்தையும் படித்தவர். இந்தியாவில் அந்தத் துறையே அவரால் வளர்ந்தது. இன்றைக்கு அப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுபோனால் "இதனால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?" என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள். வௌவால் என்ன பதில் எழுதும்?

சரி, அந்தத் துடிப்பை எது எழுப்புகிறது? கிஸ்பெப்டின் என்ற பொருளைச் சுரக்கும் பக்கத்து நரம்பணுக்கள். அவை உடலின் நிலவரத்தைக் கேட்டறிந்துதான் வேலை தொடங்குகின்றன. கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின், கையிருப்பு போதும் என்று சொல்ல வேண்டும். அழற்சிப் பொருள்கள் அடங்கியிருக்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் ஹார்மோன் இல்லை. அது டிஎன்எஃபைப் பிடித்துக் கட்டிப்போடும் ஒரு எதிர்ப்பொருள், அவ்வளவுதான். ஆனால் அது வேலை செய்தால் குடல் ஆறும், பிள்ளை சாப்பிடுவாள், எடை கூடும். பருவத்தை அழுத்தி வைத்திருந்த இரண்டு கையும் ஒரே சமயத்தில் விலகுகின்றன. அப்பாவின் சந்தேகம் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றது இதைத்தான்.

வேகமாகத் தேறும் உடல் பருவத்தையும் வேகப்படுத்தலாம் என்பதற்கு நம் நாட்டுப் பிள்ளைகளே சாட்சி. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன பெண் குழந்தைகளைப் பற்றி 1991-ல் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்கள் வயசுக்கு வந்த நடு வயது 11.6, ஸ்வீடன் பிள்ளைகளுக்கோ ஏறக்குறைய 13. போய்ச் சேர்ந்தபோது மிகவும் குட்டையாக இருந்து, பிறகு மளமளவென்று வளர்ந்தவர்களுக்குத்தான் மிகச் சீக்கிரம் வந்திருக்கிறது. அவர்களுக்கு குரோன் நோய் இல்லை, பசியிலிருந்து மீண்டவர்கள். மீட்சி என்ற அளவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குரோனுக்குச் சம்பந்தமே இல்லாமலும் இது வரலாம். பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேல் காரணம் எதுவும் அகப்படுவதில்லை. சில குடும்பங்களில் எம்கேஆர்என்3 என்ற மரபணுவில் பிழை, 2013-ல் கண்டுபிடித்தது. இதில் அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும்தான் வேலை செய்யும், அம்மா வழிப் பிரதி ஊமை. அதனால் பாட்டியிடமிருந்து அப்பாவுக்கு வந்த பிழை அவரிடம் வெளியே தெரியாமல் இருந்துவிட்டு, மகளிடம் தலைகாட்டும். அத்தை கோழியைக் குற்றம் சொல்லும் முன் இதையும் யோசிக்கலாம். ஆண் பிள்ளை என்றால் மூளைக்குள் கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும்.

பருவமே இல்லாமல் பருவம் மாதிரித் தெரிவதும் உண்டு. ஸ்டீராய்டு சாப்பிட்ட பிள்ளைக்கு முகத்தில் பரு வரும், கன்னத்திலும் முதுகிலும் பூனைமுடி வரும், மார்பில் கொழுப்பு சேரும். கொழுப்பு என்றால் மெத்தென்று இருக்கும். இந்தப் பிள்ளைக்கு இருப்பது காம்புக்கு நேர் கீழே, கெட்டியாக, வலியோடு. அது சுரப்பித் திசு மாதிரிதான் தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் முதலில் வருவது சகஜம், புற்றுநோயோ என்று பயந்து ஊசி குத்தி எடுத்துப் பார்க்க வேண்டாம். அப்படி வந்த மொட்டும் பல பிள்ளைகளுக்கு அதோடு நின்றுவிடும். அதனால் மூன்று முதல் ஆறு மாதம் அளந்து பார்ப்பார்கள்.

அளவில் முக்கியமானது இடது கை எக்ஸ்ரே. மணிக்கட்டு எலும்புகளை வைத்து எலும்பின் வயதைச் சொல்லிவிடலாம். குரோன் பிள்ளைகளுக்கு எலும்பு பொதுவாகப் பின்தங்கி இருக்கும். ஏழரை வயதில் எலும்பு ஆறரை என்று காட்டினால் கொஞ்சம் பொறுக்கலாம். ஒன்பதரை என்று காட்டினால் அவசரம், ஏனென்றால் எலும்பின் வளர்ச்சித் தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன்தான். ஆண்களுக்கும் அப்படியே. ஈஸ்ட்ரோஜனை உணர முடியாத ஒருவர் 28 வயதிலும் 204 சென்டிமீட்டர் உயரத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்ததை 1994-ல் பதிவு செய்தார்கள். நோயும் ஸ்டீராய்டும் இந்தப் பிள்ளையின் இரண்டு வருட உயரத்தை ஏற்கெனவே தின்றுவிட்டன. மிச்சம் இருப்பதும் சீக்கிரம் மூடிக்கொள்ளக் கூடாது.

மருத்துவம் எது தெரியுமா? ஜிஎன்ஆர்ஹெச் மாதிரியே வேலை செய்யும் செயற்கை மருந்தை ஊசியாகப் போடுவது. லூப்ரோலைட் மாதிரி நீடித்து நிற்கும் வடிவத்தில், மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. க்னோபில் குரங்குகளில் பார்த்த அதே சூட்சுமம்: இடைவெளி இல்லாமல் கொடுத்தால் பிட்யூட்டரி அடங்கிவிடும். அடங்குவதற்கு முன் முதல் சில நாள் கொஞ்சம் கிளறிவிடும்; முதல் ஊசிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு லேசாக ரத்தம் படும். அதைப் பார்த்து ஊரைக் கூட்ட வேண்டாம். உரிய வயதில் ஊசியை நிறுத்தினால் துடிப்பு மறுபடி எழும், சாதாரணமாக ஒன்று ஒன்றரை வருடத்தில் மாதவிடாய் வரும். பிற்காலக் குழந்தைப்பேற்றை இது கெடுப்பதில்லை.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. டிரிப்ஸை நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் செய்துகொள்ளவும் இடம் உண்டு, அப்புறம் அதே மருந்து பலிக்காமல் போகலாம். ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. குடல் மருத்துவரிடமும் ஹார்மோன் மருத்துவரிடமும் ஒரே வளர்ச்சி அட்டையைக் காட்டுங்கள். அட்டை இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் எழுதிவைத்த பழைய உயரமும் எடையும்கூட உதவும்.

அம்மாவுக்கும் ஒன்று. என்றைக்கு வயசுக்கு வந்தாலும் நம் பக்கத்தில் தாய்மாமன் சீரோடு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயும் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏறும் பிள்ளைக்குப் பச்சை முட்டை ஆகாது, சால்மொனெல்லா கிருமி ஒட்டிக்கொண்டால் தாங்க மாட்டாள். அவித்துக் கொடுங்கள்.