பழைய லென்ஸும் முதல் செய்தியும்

கடந்த ஐப்பசி மழையில் நனைந்தபடி பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் தருமபுரியில் உள்ள என் வக்கீல் அலுவலகத்திற்கு வந்து, சட்டைக்குள் பொத்தி எடுத்துவந்த சிறிய அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தார். ஒகேனக்கல்லில் பறவைகளையும் பரிசல்களையும் படமெடுப்பது அவருடைய விடுமுறைப் பொழுதுபோக்கு. இணையத்தில் விளம்பரம் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் 6,500 ரூபாய்க்குப் பழைய 50 எம்எம் கேமரா லென்ஸ் ஒன்றை வாங்கியிருந்தார். விளம்பரத்தில் 'கண்ணாடி சுத்தம், ஃபங்கஸ் இல்லை, ஒரு வருடமாக எடுக்கவே இல்லை' என்று இருந்தது. வந்த லென்ஸில் டார்ச் அடித்துப் பார்த்தால், பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை இழையோடியிருந்தது. (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் தம்முடைய செல்போனை என்னிடம் நீட்டினார். அதில் அனுப்பப்படாத செய்தி ஒன்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது: 'நீயெல்லாம் ஒரு மனுஷனா? வாத்தியார் காசை ஏமாத்திப் பொழைக்கிற. ரெண்டு நாள்ல பணம் வரலைன்னா போலீஸ்ல கொடுத்து, உன் போட்டோவை எல்லா குரூப்லயும் போட்டுடுவேன்.'

"சார், இதை அனுப்பட்டுங்களா, இல்ல நேரா வக்கீல் நோட்டீஸ் விட்டுடலாங்களா?" என்று கேட்டார்.

இரண்டும் வேண்டாம், பணிவாக ஒரு செய்தி எழுதலாம் என்றேன். பழைய கேமரா, கிட்டார், தொலைநோக்கி, மீன்பிடி ரீல், பேனா என்று பொழுதுபோக்குப் பொருள்களை முன்பின் தெரியாதவரிடம் வாங்கிச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் வரும்போது, பெரும்பாலும் முதல் செய்தியை அனுப்பிவிட்டே வருகிறார்கள். அந்தச் செய்தியைப் படித்தாலே பணம் திரும்ப வருமா வராதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆசிரியர் அனுப்பாமல் வந்தது அவருடைய நல்ல நேரம்.

பணிவாக எழுதச் சொல்வதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15ஆவது பிரிவில், விவரித்துச் சொல்லி விற்கப்படும் பொருள் அந்த விவரணைக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பதை விற்பனையின் உட்கிடை நிபந்தனையாக, அதாவது சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாக, ஆக்கியிருக்கிறது. (அந்த ஆண்டின் எண்ணே இன்று இணையக் குற்றப் புகார் உதவி எண்ணாகவும் இருப்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.) விற்றவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் வேலை இல்லை. 'ஃபங்கஸ் இல்லை' என்றார், ஆனால் இருக்கிறது, அவ்வளவு போதும். அதே செய்தியில் 'ஏமாற்றிவிட்டாய்' என்று நாம் எழுதினால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவில் சொல்லும் மோசடியை நாமே வலிய இழுத்து, விற்றவர் பொய்யென்று தெரிந்தே சொன்னார் என்று மெய்ப்பிக்கும் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறோம். 'பொருந்தவில்லை' என்பதை நிரூபிக்க ஒரு டார்ச் போதும். 'ஏமாற்றினார்' என்பதை நிரூபிக்க அவருடைய மனத்திற்குள் வெளிச்சம் அடிக்க வேண்டும்.

தவிர, விற்றவர் பக்கத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் பீரோவுக்குள் பைக்குள் கிடந்த லென்ஸில் ஈரம் புகுந்து பூஞ்சை பிடிப்பது இயல்பு; வெளிக் கண்ணாடியை மட்டும் பகல் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு அது தெரியாது. லென்ஸின் ஒளித்துளையை (அபர்ச்சர்) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து ஒளி பாய்ச்சி, முன்பக்கமிருந்து சாய்வாகப் பார்த்தால்தான் இழை தெரியும். 'ஒரு வருடமாக எடுக்கவே இல்லை' என்று அவர் பெருமையாக எழுதிய வரியே, அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லாமல் சொல்லியது.

நானும் ஆசிரியரும் உட்கார்ந்து எழுதிய செய்தி இது:

'வணக்கம் சார். நீங்கள் அனுப்பிய லென்ஸ் நேற்று மாலை வந்து சேர்ந்தது. பேக்கிங் நன்றாக இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது பின்பக்கக் கண்ணாடிக்கு உள்ளே ஃபங்கஸ் தெரிகிறது; மூன்று படங்கள் அனுப்பியுள்ளேன். விளம்பரத்தில் ஃபங்கஸ் இல்லை என்று இருந்ததை நம்பித்தான் வாங்கினேன். ஒரு வருடம் எடுக்காமல் இருந்ததால் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். லென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு முழுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் சம்மதம். சுத்தம் செய்யும் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் லென்ஸை நானே வைத்துக்கொள்ளவும் சம்மதம். அதுவரை இதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.'

இதில் மரியாதைக்காகச் சேர்த்த வரிகளைப் போலத் தெரிபவை சிலவற்றுக்கு வேறு வேலையும் உண்டு. பேக்கிங் நன்றாக இருந்தது என்பது, கொரியரில் கெட்டுப்போனது என்ற பதிலுக்கு முன்கூட்டியே கதவை அடைக்கிறது. பயன்படுத்தாமல் வைத்திருக்கிறேன் என்ற வரி அதைவிட முக்கியமானது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி, வாங்கியவர் பொருளைத் தமதாக்கிக்கொண்டதைக் காட்டும் செயல் எதையாவது செய்தாலோ, மறுப்புத் தெரிவிக்காமல் நியாயமான காலத்திற்கு மேல் வைத்துக்கொண்டாலோ, பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படுவார். ஆகவே, விற்றவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்துவிட்டு, பிறகு ரசீதை நீட்டிப் பணம் கேட்பவரின் நிலை பலவீனமானது. கோபத்தில் பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டுப் பதினோராவது நாள் வெடிப்பவரின் நிலையும் அப்படித்தான்.

சான்று விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது விளம்பரத்தில்தான். பொருள் விற்றவுடன் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். நாம் நம்பி வாங்கிய விவரணை அத்தோடு காற்றில் போய்விடும். பணம் அனுப்புவதற்கு முன்பே தேதி தெரியும்படி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் செய்திகள் தானே மறையும் வசதி போட்டிருந்தால் அதை நிறுத்திவிடுவது நல்லது. பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து பொருள் வரைக்கும் இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து, மூலக் கோப்பை போனிலேயே வைத்திருக்க வேண்டும். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழும் தேவைப்படும்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் அதிகம். விற்றவர் பழைய கேமராக்களை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர் என்றால் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால் வீட்டில் கிடந்த ஒரே ஒரு லென்ஸை விற்ற தனி மனிதர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் வணிகர் அல்லர். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும், தொழிலாக அல்லாமல் சொந்த அளவில் விற்கும் தனிநபர்களை விலக்கியே வைத்திருக்கின்றன. மிஞ்சுவது உரிமையியல் வழக்கு. 6,500 ரூபாய்க்காக வழக்குப் போட்டால் போக்குவரத்துச் செலவே அதைத் தின்றுவிடும். இந்த வகைத் தகராறுகள் பேசியே தீர வேண்டியவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓசூர் இளைஞர் ஒருவர் பெங்களூருவில் வாங்கிய தொலைநோக்கியின் தாங்கி உடைந்து வந்தபோது நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழில் எழுதிய செய்தியைப் போனிலேயே கன்னடத்துக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார். அது ஒருமையில் போய் விழ, வயதில் மூத்தவரான விற்பனையாளர் எண்ணைத் தடைசெய்துவிட்டார். இரண்டு மூன்று மொழிகள் புழங்கும் நம் எல்லைப் பகுதியில், மொழி தெரிந்த நண்பரிடம் ஒரு முறை காட்டிவிட்டு அனுப்புவது மேல். பிறகு நண்பர் ஒருவர் வேறு எண்ணிலிருந்து அழைத்து, "அண்ணா, தம்பி தெரியாமல் அனுப்பிவிட்டான்" என்று கன்னடத்தில் பேசியதும் பேச்சு மறுபடி தொடங்கியது. அங்கே சட்டக் கேள்வி பேக்கிங்கைப் பற்றியது. கொரியரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் கொடுத்த மாதிரி என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு சொன்னாலும், கொரியரோடு நியாயமான ஏற்பாடு செய்து அனுப்பாத விற்பனையாளருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தாங்கியை வெறும் செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருந்ததைப் படத்தில் பார்த்தபின், பாதி விலையைத் தாமே ஏற்பதாக விற்பனையாளர் சொன்னார்.

ஊருக்கு உபதேசம் செய்யும் நான் சொந்த விஷயத்தில் சறுக்கியதும் உண்டு. என்னிடமிருந்த பழைய மைப்பேனா ஒன்றை விற்றேன். மை கசிகிறது என்று வாங்கியவர் எழுதியவுடன், 'பேனா பிடிக்கத் தெரியாதவர்கள் ஏன் வாங்குகிறார்கள்' என்று பதில் போட்டுவிட்டேன். மறுநாள்தான் நினைவுக்கு வந்தது, அந்தப் பேனாவுக்குள் மை நிரம்பும் ரப்பர் பையை நானே பல வருடங்களாக மாற்றவில்லை என்பது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்த ஒரு வரியை அவர் மறக்கவில்லை. வக்கீல் எழுதிய வரி என்பதால் கூடுதலாகவே சுட்டிருக்கும்.

பணிவுக்கு இடமில்லாத சூழலும் உண்டு. பணம் போன கையோடு எண் அணைக்கப்பட்டால், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அட்வான்ஸ் மேல் அட்வான்ஸ் கேட்டால், பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போடச் சொன்னால், அது தகராறு அல்ல, குற்றம். அப்போது செய்தி எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. ஆனால் போனை எடுத்துப் பேசும் ஒருவர்மீது, பொருள் சரியில்லை என்பதற்காக மட்டும் ஏமாற்றுதல் புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் உரிமையியல் விவகாரம் என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். அவர் படத்தைக் குழுக்களில் போட்டுத் திருடன் என்று எழுதினால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவின்கீழ் அவதூறுப் புகார் நம்மீதே திரும்பக்கூடும்.

பேச்சு முறிந்துவிட்டது என்றால், வழக்குக்கு முன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து இருவரையும் உட்காரவைத்துப் பேசலாம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதால் அங்கும் ஓர் ஆணைக்குழு உண்டு. விவரம் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடியும் சமரசத்துக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு, மேல்முறையீடும் இல்லை.

ஆசிரியருக்கு அதுவரை போக வேண்டிய தேவை வரவில்லை. அன்றிரவே கோயம்புத்தூரிலிருந்து பதில் வந்தது: 'மன்னிக்கவும் சார், எனக்குத் தெரியாது. சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும்?' சேலத்தில் 1,800 ரூபாய் கேட்டார்கள். விற்றவர் 2,000 அனுப்பினார். முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று ஆசிரியர் ஒரு வரி எழுதி அனுப்பினார். அந்த வரியை மட்டும் நான் வற்புறுத்தி எழுதவைத்தேன். இரண்டு நாள் கழித்து விற்றவரிடமிருந்து இன்னொரு செய்தி: 'சார், அந்த டார்ச்சை எந்தப் பக்கமிருந்து அடிக்கணும்னு சொல்றீங்களா? வீட்ல இன்னும் மூணு லென்ஸ் இருக்கு.'