அரை அணாக் கடிதமும் கண்ணுக்குத் தெரியாத ஒளியும்

தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் சென்ற மாதம் மூன்று ஒளிப்படங்களை அனுப்பியிருந்தார். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரங்களுக்கு அடியில் கிடைத்த ஒரு மடிப்புக் கடிதத்தின் படங்கள் அவை. உறை என்று தனியாக எதுவும் இல்லை. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி, விக்டோரியா அரசியின் தலை பொறித்த நீல நிற அரை அணா அஞ்சல்தலையை ஒட்டிச் சென்னையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். இது எவ்வளவு பெறும், அசல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பவை அவருடைய இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. இரண்டாவது கேள்விக்குள் மிக அழகான வேதியியல் ஒன்று ஒளிந்திருப்பதால், அதற்கே இக்கட்டுரையின் பெரும்பகுதியைக் கொடுக்கிறேன்.

பழமை வேறு, விலை வேறு. உலகின் முதல் அஞ்சல்தலையான 'பென்னி பிளாக்' 1840 மே 6 முதல் இங்கிலாந்தில் செல்லுபடியானது. அதைவிடப் பழைய ஒட்டு அஞ்சல்தலை கிடையாது. ஆயினும் அது ஏறத்தாழ 6.8 கோடி அச்சிடப்பட்டதால், இன்றும் சேகரிப்பாளர்களுக்கு எட்டக்கூடிய பொருளாகவே இருக்கிறது. அதற்கு ஏழாண்டு இளையதான மொரிஷியஸ் தீவின் 1847ஆம் ஆண்டு அஞ்சல்தலைகளோ ஒரு பென்னியில் 500, இரண்டு பென்னியில் 500 என்ற கணக்கில்தான் அச்சாயின. அவற்றில் இரண்டையும் தாங்கிப் பிரான்சின் போர்தோ நகருக்குச் சென்ற ஒரே கடிதம் 1993இல் சூரிக் ஏலத்தில் 50 லட்சம் சுவிஸ் பிராங்குக்கும் மேல் விலைபோனது. நம் வாசகரிடம் இருப்பது லண்டனில் டி லா ரூ நிறுவனம் இந்தியாவுக்காக அச்சிட்டு 1856 முதல் புழக்கத்துக்கு வந்த அரை அணாத் தலை. நாடெங்கும் அன்றாடக் கடிதங்களுக்குப் பயன்பட்டதால் அது அரிதன்று. எனவே வீடு வாங்கும் கனவை அவர் ஒத்திவைக்கலாம். ஆனால் அத்தலை தான் பயணம் செய்த கடிதத்தின் மேலேயே இன்னும் ஒட்டியிருக்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்துத் தலையைப் பிரித்தெடுக்கலாமா என்று அவர் கேட்டிருந்தார். தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம்.

முழுக் கடிதமாக இருப்பதால் என்ன லாபம் என்றால், அதிலுள்ள ஒவ்வொன்றும் மற்றொன்றுக்குச் சாட்சி சொல்லியாக வேண்டும். கடிதத்தின் உள்ளே ருத்ரோத்காரி ௵ ஐப்பசி ௴ என்று தேதியிட்டிருக்கிறது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அப்பெயர் 1803, 1863, 1923 ஆகிய எல்லா ஆண்டுகளிலும் வரும். 1803இல் அஞ்சல்தலையே இல்லை; 1923இல் தலையில் இருந்தவர் ஐந்தாம் ஜார்ஜ். ஆகவே இக்கடிதம் 1863ஆம் ஆண்டினது என்று அரை அணாத் தலையே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 1854ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டப்படி, தொலைவு எவ்வளவாயினும் கால் தோலா வரை எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா. கால் தோலா என்பது மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. நகைக்கடைத் தராசில் கடிதத்தை வைத்துப் பாருங்கள் என்று எழுதினேன், 2.6 கிராம் என்று பதில் வந்தது. ஆறு கிராம் இருந்திருந்தால், கூடுதல் கட்டணம் எங்கே போயிற்று, வேறொரு தலை விழுந்துவிட்டதா, அல்லது இத்தலையே பின்னாளில் யாரோ ஒட்டியதா என்று ஐயப்பட வேண்டியிருந்திருக்கும்.

கணக்குகள் ஒத்துப்போவதால் மட்டும் பொருள் அசலாகிவிடாது, ஏனெனில் போலி செய்பவரும் இதே கணக்குகளைப் படித்தவர்தான். ஜான் டி ஸ்பெராட்டி என்பவர் பிரான்சில் இருந்துகொண்டு, மலிவான அசல் தலைகளின் அச்சு நிறத்தை மட்டும் வேதிப்பொருளால் வெளுத்து, அசல் தாளையும் சில சமயம் அசல் முத்திரையையும்கூட அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் விலையுயர்ந்த தலையின் வடிவத்தை அச்சிட்டார். 1942இல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய பொட்டலத்தைச் சுங்கத் துறை பிடித்தபோது, வல்லுநர்கள் அதிலிருந்த தலைகளை அசல் என்றே சான்றளித்தனர். ஏற்றுமதி வழக்கிலிருந்து தப்புவதற்காக அவை போலி என்று அவரே நிரூபிக்க வேண்டியதாயிற்று.

இதைவிடப் பரவலான மோசடி ஒன்று பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் பலவற்றின் தலைகளில் உண்டு. உயர் மதிப்புள்ள தலைகள் பல அங்கே அஞ்சலுக்கும் வருவாய்க்கும் பொதுவானவையாக இருந்தன. பத்திரத்தில் ஒட்டிய தலையை எழுத்தர் பேனாவால் கிறுக்கிச் செல்லாததாக்கிவிடுவார். அத்தலைக்குச் சேகரிப்பாளர்களிடையே மதிப்புக் குறைவு. அந்தக் கிறுக்கலை அமிலத்தால் துடைத்துவிட்டு, அதன்மேல் போலி அஞ்சல் முத்திரையை அடித்துவிட்டால், அதே தலைக்கு விலை பன்மடங்கு கூடிவிடும். வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது. இனி மையின் கதைக்கு வருவோம்.

அக்காலக் கடிதத்தில் இரண்டு கறுப்புகள் இருந்தன. ஒன்று பேனா மை. மற்றொன்று முத்திரை மை. பேனா மைக்கு மூலப்பொருள் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஐரோப்பியர்கள் மாசிக்காயை ஊறவைத்தார்கள், நம்மவர்கள் கடுக்காய்த் தோலை ஊறவைத்தார்கள். இருவருமே அதில் அன்னபேதியைக் கலந்தார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். காயின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும், நீரில் கரையாத கருநீலச் சேர்மமாக மாறுகின்றன. இரும்புச் சட்டியில் நெல்லிக்காயை வேகவைத்தவர்கள் எல்லாரும் இந்த மையைத் தாமறியாமல் தயாரித்தவர்களே. எழுதும்போது இம்மை வெளிறியிருக்கும், ஓரிரு நாளில்தான் கறுக்கும். எழுதுகிறவருக்கு எழுத்து உடனே தெரிய வேண்டுமென்று அதில் நீலச் சாயம் சேர்த்ததால்தான் 'புளூ பிளாக்' என்ற பெயரே வந்தது.

முத்திரை மையோ முற்றிலும் வேறு இனம்: எண்ணெயில் குழைத்த புகைக்கரி. கண்மையும் ஓலைச்சுவடியின் கீறல்களில் தடவிய விளக்குக் கரியும் இதன் உறவினர்கள். 1840இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை கறுப்புத் தலையின்மேல் சிவப்பு மையால் முத்திரையிட்டது. மக்கள் அச்சிவப்பைக் கழுவிவிட்டுத் தலையை மறுபடி பயன்படுத்தத் தொடங்கினர். ஓராண்டுக்குள், பென்னி அஞ்சல் முறையை வகுத்த ரோலண்ட் ஹில்லும் அவருடைய குழுவினரும் பல சோதனைகள் செய்து, 1841இல் தலையைச் சிவப்பாகவும் முத்திரையைக் கறுப்பாகவும் மாற்றிவிட்டார்கள். கரியைக் கரைக்க எளிய கரைப்பான் எதுவும் இல்லை. கரைக்க முயன்றால் தலையின் நிறம்தான் முதலில் போகும். அன்று ஒரு பென்னி மோசடியைத் தடுக்கச் செய்த அந்த ஏற்பாடு, பெரிய போலிகளைப் பிடிக்கும் நம் காலத்து ஆய்வாளருக்கும் உதவிக்கொண்டிருப்பது எனக்கு ஓயாத வியப்பைத் தருகிறது.

கண்ணுக்கு இரண்டு மைகளும் கறுப்பு. கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அந்த எல்லைக்குள் வரும் ஒளியை இரண்டுமே விழுங்குகின்றன. எல்லையைத் தாண்டி, 1000 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரில் அதே கடிதத்தைப் பார்த்தால், முகவரி எழுத்துகள் பனி விலகுவதுபோல் மறைய, முத்திரை மட்டும் கரிக்கட்டையாக அப்படியே நிற்கும். ஏன் என்பதில்தான் சுவாரசியம்.

ஒரு பொருள் ஒளியை விழுங்குகிறதென்றால், ஒளித்துகளின் ஆற்றலை வாங்கிக்கொண்டு ஓர் எலக்ட்ரான் உயர்ந்த நிலைக்குத் தாவுகிறது என்று பொருள். கடுக்காய் மையில் அந்த எலக்ட்ரான் டானினின் ஆக்சிஜன் பக்கத்திலிருந்து இரும்பு அயனிக்குத் தாவுகிறது. அத்தாவலுக்குக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று தேவை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் 1.8 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவில் இருப்பதால் அது செல்லுபடியாகிறது. 1000 நானோமீட்டர் துகளின் ஆற்றலோ 1.24 எலக்ட்ரான் வோல்ட்தான். அரை அணாவுக்குக் குறைந்த காசை வாங்க மறுக்கும் அஞ்சலகச் சன்னலைப்போல, இரும்பு மை அத்துகளை வாங்காமல் விட்டுவிடுகிறது. துகள் மையைக் கடந்து தாளில் பட்டுச் சிதறி மீண்டு வருவதால், அந்த இடம் வெறும் தாளாகவே படக்கருவிக்குத் தோன்றுகிறது.

புகைக்கரியில் கார்பன் அணுக்கள் தேனடைபோல் அறுகோணங்களாகக் கோத்த தகடுகளாக இருக்கின்றன. அங்கே எலக்ட்ரான்கள் ஓர் அணுவுக்கோ ஒரு பிணைப்புக்கோ சொந்தமில்லாமல் தகடு முழுவதும் பரவியிருக்கும். தகடு பெரிதாக ஆக, எலக்ட்ரான் ஏற வேண்டிய படி சிறியதாகும். கரித்துகளில் சிறிதும் பெரிதுமாக எண்ணற்ற தகடுகள் தாறுமாறாக அடுக்கப்பட்டிருப்பதால், எல்லா உயரத்திலும் படிகள் கிடைக்கின்றன. இது சன்னலில்லாத பெட்டிக்கடை. எந்தக் காசைக் கொடுத்தாலும் அதற்கொரு மிட்டாய் உண்டு. ஊதாவானாலும் அகச்சிவப்பானாலும் கரி விழுங்கிவிடும். கரியின் கறுப்புதான் உண்மையான கறுப்பு. கடுக்காய் மையின் கறுப்பு, நம் கண்ணின் எல்லைக்குள் மட்டும் போடும் வேடம்.

அமிலத்தால் துடைத்த பேனாக் கிறுக்கலைக் கண்டுபிடிக்க எதிர்த்திசையில் போக வேண்டும். அமிலம் மையின் நிறத்தை அழித்தாலும் இரும்பு முழுவதையும் தாளின் இழைகளிலிருந்து அகற்றுவது கடினம். புற ஊதா விளக்கை அடித்தால் தாளின் இழைகளும் பசையும் மங்கலாக ஒளிரும். எஞ்சிய இரும்பு அந்த ஒளிர்வை அடக்கிவிடுவதால், துடைத்த எழுத்து இருண்ட கோடுகளாக மீண்டும் எழுந்து வரும். அதே விளக்கில் தாள் பளிச்சென்று நீலவெண்மையாக மின்னினால் வேறு சேதி உண்டு: 1950ஐ ஒட்டிய காலத்திலிருந்து தாளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிச் சாயம் அதில் இருக்கிறது, ஆகவே அது விக்டோரியா காலத்துத் தாளாக இருக்க முடியாது. வேட்டிக்குப் போடும் நீலம் மஞ்சளை மறைத்து வெண்மை காட்டுவது. இச்சாயமோ புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால், விழுந்ததைவிடக் கூடுதலான ஒளி வருவதுபோல் நமக்குத் தோன்றும்.

இச்சோதனைகளுக்கான ஆயத்த கருவிகள் விலை மிகுந்தவை. போலிப் பத்திர வழக்குகளுக்காகத் தடய அறிவியல் ஆய்வகங்கள் அவற்றை வைத்திருக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியிலாவது இத்தகைய கருவியை நிறுவி, ஓலைச்சுவடிகளுக்கும் பழைய பத்திரங்களுக்கும் பயன்படுத்த அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. கரி மங்கிப்போய்க் கண்ணுக்குப் படிக்க முடியாத சுவடியையும் அகச்சிவப்பில் படிக்க முடியும் என்ற நிலையில், இது ஆடம்பரச் செலவாகாது. அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றுகிறவர்களை நம்பிப் பணம் கட்ட ஆள் இருக்கும் ஊரில், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிக்குப் பணம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதுவரை ஏழைக்கேற்ற வழி ஒன்று உண்டு. பழைய வெப்கேமராவைத் திறந்து, வில்லைக்குப் பின்னாலிருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில், கழுவிய வண்ணப் படச்சுருளின் முழுக் கறுப்பான முனைத்துண்டுகள் இரண்டை வைத்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளி தடுக்கப்பட்டு அகச்சிவப்பு மட்டும் உள்ளே போகும். சிலிக்கான் உணரி ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரை பார்க்கக்கூடியது. வெளிச்சத்துக்கு ஒரு குண்டு பல்பு போதும்.

வாசகர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். என் மேசையில் அந்தக் கேமராவின் அடியில் வைத்தபோது, வெளிப்பக்கத்து முகவரி வெளிறிப்போய் ஏறக்குறைய மறைந்தது; தலையிலிருந்து இறங்கித் தாளின்மேலும் படிந்திருந்த முத்திரை, தலையின் விளிம்பில் எங்கும் முறியாமல் ஒரே கறுப்பாக நின்றது. புற ஊதா விளக்கில் தாள் மங்கலாகவே இருந்தது, துடைத்த தடயம் ஏதும் எழவில்லை. தலையும் முத்திரையும் முகவரியும் ஒன்றாகப் பயணம் செய்தவை என்று இப்போது என்னால் சொல்ல முடியும். விற்பதானால் ஏல நிறுவனத்தின் வல்லுநரிடம் சான்று வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னேன்.

பிறகு அவர் தாளைப் பிரித்து உட்புறத்தையும் காட்டினார். இருபது வரிகளும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறின. அடியில், தமிழ் எண்களில் ஒரு தொகை குறித்திருந்த கடைசி வரி மட்டும் கறுப்பு மாறாமல் இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் அதுவும் மற்ற வரிகளைப் போன்ற அதே நிறம்தான். கடிதம் எழுதிய மையில் அது எழுதப்படவில்லை. கரி மை வைத்திருந்த வேறு யாரோ, அநேகமாகக் கடிதத்தைப் பெற்றவர், எழுதியிருக்க வேண்டும். அஞ்சல்தலையின் விலையில் இதனால் ஒரு ரூபாயும் கூடாது. அவரோ விலையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, அந்தத் தொகை யாருக்கு யார் கொடுக்க வேண்டியது என்று பாட்டியின் பத்திரங்களில் தேட ஆரம்பித்திருக்கிறார்.