‘இவனுக்குக் கணக்கு வராது’ என்ற தீர்ப்பு எப்படி வேலை செய்கிறது?

புவியியலில் நாற்பது மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளையைப் பார்த்து, “எங்க குடும்பத்துக்கே புவியியல் வராது” என்று யாரும் சொல்வதில்லை. படிக்கவில்லை என்று திட்டுவார்கள், அவ்வளவுதான். அதே நாற்பது கணக்கில் என்றால் பேச்சே வேறு. அப்பாவுக்கும் வராது, சித்தப்பாவும் கணக்கில்தான் கோட்டை விட்டார், ரத்தத்திலேயே இல்லை, விடுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்து பதினொன்றில் குரூப் எடுக்கும்போது தீர்ப்பு நிறைவேற்றப்படுகிறது. கணக்கு இல்லாத குரூப்பாகப் பார்த்துச் சேர்த்துவிட்டு எல்லாரும் நிம்மதியாகிறார்கள், பிள்ளை உட்பட.

இந்தத் தீர்ப்பில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் மீதியை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

எண்ணிக்கையைப் பற்றிய ஒரு மங்கலான உணர்வோடுதான் மனிதர்கள் பிறக்கிறார்கள். 1992-இல் கரேன் வின் என்ற உளவியலாளர் ஐந்து மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு பொம்மையை வைத்துத் திரையால் மறைப்பார்கள். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பொம்மையும் திரைக்குப் பின்னால் போகும். திரை விலகியதும் இரண்டு பொம்மை இருந்தால் குழந்தை சற்றுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒன்றுதான் இருந்தால் கூடுதல் நேரம் உற்றுப் பார்க்கும். இந்த உணர்வு எல்லாரிடமும் ஒரே கூர்மையில் இருப்பதில்லை. ஜஸ்டின் ஹால்பெர்டாவின் குழு 14 வயதுப் பிள்ளைகள் 64 பேருக்கு நீலமும் மஞ்சளும் கலந்த புள்ளிகளைக் கண நேரம் காட்டி, எந்த நிறம் அதிகம் என்று கேட்டது. சரியாகச் சொல்லும் திறன் அதிகமிருந்தவர்கள் சிறுவயதுக் கணக்குத் தேர்வுகளிலும் மேலே இருந்தார்கள். இந்த ஆய்வு 2008-இல் நேச்சர் இதழில் வந்தது. எண்களைக் கையாள்வதே பெரும்பாடாக இருக்கும் டிஸ்கால்குலியா என்ற குறைபாடும் நூற்றில் மூன்று முதல் ஆறு பேருக்கு இருக்கிறது. அவர்களுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும்.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் இரட்டையர்களை வைத்து 2013-இல் வெளியான ஆய்வு, 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வின் முக்கியப் பாடங்களில் காணும் மதிப்பெண் வேறுபாட்டில் சுமார் 58 விழுக்காட்டை மரபணு வேறுபாட்டோடு இணைத்தது. “பார்த்தீர்களா!” என்று சித்தப்பா எழுந்து நிற்பதற்குள் இரண்டு விஷயம். அந்த 58 கணக்குக்கு மட்டுமானது அல்ல, ஆங்கிலத்தையும் அறிவியலையும் சேர்த்து எடுத்த எண். ஆங்கிலம் மட்டும் உழைத்தால் வரும், கணக்கு மட்டும் பிறப்பிலேயே வர வேண்டும் என்பதற்கு இதில் ஆதாரம் கிடையாது. இன்னொன்று, இது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய எண். ஒரு பிள்ளையின் நாற்பது மதிப்பெண்ணை எடுத்து, இதில் இவ்வளவு ரத்தம், இவ்வளவு உழைப்பு என்று பங்கு பிரிக்க இது உதவாது. எல்லாருக்கும் ஒரே தரமான பள்ளி கிடைக்கும் ஊரில் சூழலால் வரும் வேறுபாடு குறையும். மரபணுவின் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும். பள்ளிக்குப் பள்ளி தரம் மலையும் மடுவுமாக இருக்கும் ஊரில் அதே எண் வேறாக வரும்.

எப்படியும் வகுப்பறையில் மரபணு கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவது யார் முதலில் கை தூக்குகிறார்கள் என்பதுதான். டியூஷனில் போன மாதமே முடித்துவிட்ட பயிற்சியை இன்று வகுப்பில் மளமளவென்று போடும் பிள்ளை ‘கணக்குப் புலி’ ஆகிறது. இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கும் பிள்ளை மந்தமாகத் தோன்றுகிறது. வேகத்தைத் திறமையின் அளவுகோலாக எடுப்பதில் என்ன தவறு என்பதற்குக் கணிதத்தின் உச்சியிலேயே சாட்சிகள் உண்டு. 1950-இல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் லோரான் ஷ்வார்ட்ஸ், பள்ளி நாள்களில் தான் மெதுவாக இருந்ததையும், முட்டாளோ என்று தன்னையே சந்தேகித்ததையும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பதக்கத்தை 2014-இல் பெற்ற முதல் பெண்ணான ஈரானின் மரியம் மிர்சாகானி, நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம் கணக்கில் பின்தங்கியிருந்தார். அந்த வருட ஆசிரியர் அவரிடம் பெரிய திறமை இருப்பதாக நினைக்கவில்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் ராமானுஜன் வராமல் இருக்க மாட்டார். அவர் அபூர்வம்தான், அதில் வாதமே இல்லை. ஆனால் அவர் காகிதச் செலவுக்கு அஞ்சி வழிமுறைகளைச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவுகளை மட்டும் நோட்டுப்புத்தகத்தில் ஏற்றியவர். ஆயிரக்கணக்கான முடிவுகள் நமக்குக் கிடைத்தன. அழிந்த சிலேட்டுக் கணக்குகள் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அவை வானத்திலிருந்து விழுந்தவை போலத் தோன்றியதில் வியப்பில்லை.

சரி, ‘எனக்கு வராது’ என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது? 47-ஐ 6-ஆல் மனதுக்குள் பெருக்கிப் பாருங்கள். ஆறேழு நாற்பத்திரண்டு, இரண்டைப் போட்டு நான்கை மனதில் வைக்க வேண்டும். அந்த நான்கைச் சில விநாடிகள் பிடித்துவைத்திருக்கும் இடத்தைச் செயல்பாட்டு நினைவு என்கிறார்கள். மிகச் சிறிய இடம் அது. ‘தப்பாகப் போகுமோ, சிரிப்பார்களோ’ என்ற கவலையும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். உளவியலாளர் மார்க் ஆஷ்கிராஃப்டும் அவருடைய மாணவர்களும் செய்த ஆய்வுகளில், கணக்கு அச்சம் உள்ளவர்கள் எளிய கூட்டலில் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். மனதில் எடுத்துவைக்க வேண்டிய இலக்கம் வந்ததும் சறுக்கினார்கள். அறிவு இருந்தும் இடம் இல்லாமல் போகிறது. 2012-இல் சியான் பைலாக்கும் இயன் லயன்ஸும் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, அச்சம் மிகுந்தவர்களிடம் உடல்வலியோடு தொடர்புடைய பகுதிகள் தூண்டப்பட்டிருந்தன. அது கணக்குப் போடும்போது நேரவில்லை. ‘அடுத்து கணக்கு வரப்போகிறது’ என்ற அறிவிப்பைக் கண்டபோதே நேர்ந்தது. வலிக்கும் என்று தெரிந்த இடத்துக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. போகாததால் பயிற்சி குறைகிறது, பயிற்சி குறைந்ததால் மதிப்பெண் குறைகிறது, அந்த மதிப்பெண்ணே தீர்ப்புக்குச் சாட்சியாகிவிடுகிறது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா ஆய்வில், 2012-இல் வளர்ந்த நாடுகளின் 15 வயது மாணவர்களில் 59 விழுக்காட்டினர், கணக்கு வகுப்பு கடினமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாகச் சொன்னார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளையும் இந்த நம்பிக்கை விட்டுவைப்பதில்லை. 1998-இல் கிளாடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்துவிட்டு, மீண்டும் முதல் சுற்றின் தரத்திலேயே புதிர் கொடுத்தபோது, புத்திசாலி என்று பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணை எழுதித் தரச் சொன்னபோது ‘புத்திசாலி’களில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டினர் கூட்டி எழுதினார்கள். பட்டம் பறிபோய்விடக் கூடாதே!

இந்தப் பட்டமும் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. 2017-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், ஐந்து வயதில் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் தத்தம் பாலினமே ‘மிக மிகப் புத்திசாலி’ என்றார்கள். ஆறேழு வயதுக்குள் பெண் பிள்ளைகளிடம் அந்த எண்ணம் குறைந்துவிட்டது. அப்பாவுக்கு வராததால் மகனுக்கு வராது என்கிறோம். அம்மாவுக்கு வராததைச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றுவதில்லை, அது எதிர்பார்த்ததுதான் என்பது போல.

இவ்வளவையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ‘வராது’ என்று சொன்ன நிமிடத்தில் தேடல் நின்றுவிடுகிறது. எங்கே அறுந்தது என்று பிறகு யாரும் பார்ப்பதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு சமன்பாடு: x/2 + x/3 = 10. ஒரு பிள்ளை 2x/5 = 10 என்று எழுதி, x = 25 என்று முடிக்கிறது. சரியான விடை 12. ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். அல்ஜீப்ரா வரவில்லை என்று ஆகிறது. தாளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2x/5 = 10 என்பதிலிருந்து 25-க்கு வந்த வழியில் ஒரு பிழையும் இல்லை. சமன்பாட்டைத் தீர்க்க அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரியாதது பின்னங்களைக் கூட்டுவது. மேலே உள்ளதோடு மேலே உள்ளதையும் கீழே உள்ளதோடு கீழே உள்ளதையும் கூட்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய அன்றைக்கு உண்டான ஓட்டை அது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பாடமும் அந்த ஓட்டையின் மேல்தான் ஏறி நின்றது.

இது தனி ஒரு பிள்ளையின் கதையும் அல்ல. ராபர்ட் சீக்லரும் அவர் குழுவும் அமெரிக்கா, பிரிட்டன் இரு நாடுகளின் நீண்டகாலத் தரவுகளை அலசி 2012-இல் வெளியிட்டார்கள். பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்திருந்தது என்பது, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அல்ஜீப்ராவில் அந்தப் பிள்ளை எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது. நுண்ணறிவு, குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. நம் நாட்டுக் கிராமப்புறங்களில் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பு 2024-இல் எடுத்ததன்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 30 விழுக்காட்டினரால்தான் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தது. மீதி எழுபது பேருக்கும் ரத்தத்திலேயே கணக்கு இல்லை என்று சொல்ல எந்தச் சித்தப்பாவும் துணிய மாட்டார்.

அறுந்த இடம் சில வேளை எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும். 1980-களில் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம், ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய் நாலு தேங்காய் என்ன விலை என்று கேட்டார்கள். ஒன்று 35 குருசெய்ரோ. மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்தால் 135, ஆக 140 என்றான். பிறகு அதே 35 × 4-ஐத் தாளில் கொடுத்தபோது, மனதில் வைத்த 2-ஐ முதலில் 3-உடன் கூட்டிவிட்டு அப்புறம் பெருக்கி 200 என்று எழுதினான். தெருவில் இப்படிக் கேட்ட கணக்குகளில் பிள்ளைகள் 98 விழுக்காட்டைச் சரியாகச் சொன்னார்கள்; தாளில் வெறும் எண்ணாக வந்தபோது 37 விழுக்காடுதான். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் நேர்மாறு: தாளில் வருகிறது, சந்தையில் தடுமாறுகிறார்கள்.

‘முயன்றால் எல்லாம் முடியும்’ என்று சுவரில் எழுதிவைத்தால் சரியாகிவிடுமா? அதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, திறமை வளரக்கூடியது என்று விளக்கும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பின்தங்கியவர்களின் சராசரி, நான்கு புள்ளி அளவையில் 0.1 புள்ளி ஏறியது. 2019-இல் வெளிவந்த முடிவு இது. ஒரு மணி நேரச் செலவுக்கு லாபம்தான், ஆனால் பலர் விற்கும் அளவுக்கு மாயமருந்து அல்ல. பின்னம் தெரியாத பிள்ளைக்குத் தன்னம்பிக்கை மட்டும் ஏற்றினால், தன்னம்பிக்கையோடு 2/5 என்று எழுதும்.

கணிதவியலாளர் யூரி ட்ரீஸ்மன் செய்தது வேறு வகை. 1970-களில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பள்ளியில் முதன்மையாக வந்த கறுப்பின மாணவர்கள்கூட நுண்கணிதத்தில் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். ஊக்கம் போதாது, அடித்தளம் போதாது, குடும்பச் சூழல் சரியில்லை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரீஸ்மன் கறுப்பின மாணவர்கள் இருபது பேரும் சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேரும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள், ஆசிரியர்கள் சொன்னதைத் தட்டாமல், வாரம் எட்டு மணி நேரம், தனித்தனியாக அறைக்குள் உட்கார்ந்து படித்தார்கள். தடுமாறினால், தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தார்கள். சீன மாணவர்கள் வாரம் சுமார் பதினான்கு மணி நேரம் படித்தார்கள். தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு மாலையில் ஒன்றுகூடி ஒருவர் விடையை ஒருவர் திருத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் யாராலும் முடியாத கணக்கு, எல்லாருக்கும் கடினமான கணக்கு என்று அப்போதே தெரிந்துவிடும்.

ட்ரீஸ்மன் தொடங்கிய பட்டறையில் பின்தங்கியவர்களுக்கான எளிய பாடம் எதுவும் இல்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைத் தாளில் கொடுத்து, சேர்ந்து மோதிப் பார்க்க விட்டார்கள். விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டே பார்க்கலாம். இருந்தாலும், அதில் பங்கெடுத்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் நுண்கணிதத்தில் வெள்ளை, ஆசிய வகுப்புத் தோழர்களையும் முந்தினார்கள். எஸ்ஏடி நுழைவுத் தேர்வின் கணக்கில் அறுநூற்றுச் சொச்சம் எடுத்து வந்தவர்கள், எழுநூற்றைம்பதை ஒட்டி எடுத்து வந்தவர்களுக்கு நிகராக நின்றார்கள்.