சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

மறுபடியும் ஒரு நூற்றாண்டுக் கட்டடம், மறுபடியும் அதே கோலம். இடுப்புயரத்துக்குச் சிமெண்ட் பூச்சு, மேலே பளபளவென்று எமல்ஷன் பெயிண்ட். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் பூச்சு உப்பிப் பெயர்கிறது, உள்ளே செங்கல் மாவாகக் கொட்டுகிறது. ஏன் சுண்ணாம்பு பூசவில்லை என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "அந்தக் காலத்துல முட்டை வெள்ளைக்கரு ஊத்திக் கட்டினாங்க சார், இப்ப அதெல்லாம் முடியுமா?"

இந்த முட்டைக் கதையைத் தயவுசெய்து விடுங்கள். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் நிற்கும் ரிப்பன் மாளிகையைப் பாருங்கள். எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கிவந்த மாநகராட்சிக்காக 1909-ல் அடிக்கல் நாட்டி, 1913-ல் திறந்த கட்டடம். வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார், செலவு 7.5 லட்சம் ரூபாய். 85 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம், நடுவே 43 மீட்டர் உயரக் கோபுரம், அதில் 8 அடி விட்டத்தில் கடிகாரம்.   இந்தப் பாரத்தை நூறு வருஷத்துக்கு மேல் தாங்கி நிற்பது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்திரமும்தான்.

வெள்ளைக்கரு சேர்த்தது மெருகுப் பூச்சில். நகக்கனத்துக்குப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்குவார்களே, அந்தக் கடைசிப் பூச்சில். சுவர் எழுப்பிய காரையில் முட்டைக்கு வேலையில்லை. ஆகவே முட்டை கிடைக்காததால் சிமெண்ட் பூசினோம் என்பது காரணமே ஆகாது. சுண்ணாம்பு இன்றும் கிடைக்கிறது, அரைக்கத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

"சிமெண்ட் கெட்டி, அதனால் நல்லது" என்பது அடுத்த தப்பு. பழைய நாட்டுச் செங்கல் மிருதுவானது. பழைய சுவர்கள் பலவற்றில் ஈரத்தடுப்பு அடுக்கும் கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து, அதை உள்ளிருந்து உடைக்கும். ஓதம் இன்னும் மேலே ஏறுவதைப் பார்த்துச் சிமெண்ட்டையும் இன்னும் மேலே பூசுகிறார்கள். இதைத்தான் தாங்க முடியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். சிமெண்ட்டை உளியாலும் சிறு சுத்தியலாலும் மட்டும் எடுங்கள், உடைக்கும் மெஷின் (பிரேக்கர்) வேண்டாம். ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்து போடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். அடுத்து காரைக்குச் சுண்ணாம்பு நீற்ற வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வை போகும். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, குறைந்தது 15 நாள் தண்ணீருக்கடியில் வையுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய மணல். ஓதமுள்ள இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் பொடி. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தால் காரை பிடிப்பாக வரும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஈரச் சாக்குப் போட்டு இரண்டு வாரம் பாருங்கள். வெயிலில் காயவிட்டால் வெடிக்கும், பிறகு சுண்ணாம்பைத் திட்டாதீர்கள். வண்ணத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான். பால் பதத்தில் கரைத்து, சுவரை நனைத்து, மூன்று நான்கு கை அடியுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் கூரை தனிக் கவலை. தேக்குக் கட்டைகள்மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியை நாள் கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்த கூரை அது. அதன்மேல் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள். ஒழுகினால் கான்கிரீட் ஊற்றாதீர்கள். பாரமும் கூடும், கட்டையும் உளுக்கும். முதலில் மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் சருகை எடுங்கள், பாதி ஒழுகல் அதிலேயே நின்றுவிடும். கட்டையின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள், இறங்கினால் உடனே முட்டுக் கொடுங்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க வேண்டாம், செங்கல்லும் சேர்ந்து வரும். வெட்டிவிட்டு வேரைப் பட்டுப்போகச் செய்து, பிறகு இடுக்கைக் காரையால் அடையுங்கள்.

ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு குழாய் போட்டுச் சுவரைவிட்டுத் தள்ளி விடுங்கள். அதை இன்றைக்கே செய்துவிடலாம்.